புது ஹார்ட்டெயிலா, பழைய ஃப்ரேமில் கட்டுவதா?

ஹார்ட்டெயில் என்றால் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள். கையில் 25,000 ரூபாய், ஓட்டப்போவது நாகலாபுரம் மலைப் பக்கத்துக் கல் பாதை. புது வண்டி என்றால் வாரண்டி உண்டு, அன்றே ஓட்டலாம். சரி, ஆனால் இந்த விலையில் பின் சக்கரத்தில் பெரும்பாலும் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) திருகி மாட்டும் ஃப்ரீவீல் என்ற பல்சக்கரத் தொகுதிதான் வரும். அதில் செயின் பக்கத்து பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், குதித்து இறங்க இறங்க அச்சு வளையும். என் அச்சைக் கழற்றி மேசையில் உருட்டினேன். தத்தித் தத்தி நகர்ந்தது.

பழைய நல்ல ஃப்ரேமில் கட்டினால் கேசட் ஹப் போடலாம், அதாவது பல்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டும் ஹப். பேரிங் அச்சின் நுனிக்கு அருகே அமரும், அடி தாங்கும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாங்கும்முன் ஹெட் டியூப் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன் குழாய்) வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். ஸ்டீல் ஃப்ரேம் என்றால் சீட் போஸ்ட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். பெசன்ட் நகர் உப்புக்காற்றில் நின்ற வண்டி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்திருக்கும்.