ஃபேன்டஸி பேஸ்பால்ல பிட்சர்களை மேய்க்கறது எப்படி இருக்கு? பல சீசன் ஆடினவனோட அனுபவம்

ஃபேன்டஸி பேஸ்பால்னா நெஜ வீரர்களைப் பொறுக்கி நமக்குன்னு ஒரு டீம் வெச்சு, அவங்க நெஜ மேட்ச்ல எடுக்கற நம்பரை வெச்சு மோதற ஆட்டம். இதுல பேட்டர்களைப் பாத்துக்கறது பெரிய வேலையே இல்லங்க. கிட்டத்தட்ட தினமும் மேட்ச் இருக்கு, ஒரு நாள் அடிக்கலைன்னா ஆவரேஜ் கொஞ்சம் இறங்கும், மறுநாள் சரியாயிடும். பந்து எறியற பிட்சர் கதையே வேற. ஸ்டார்ட்டர்னா, அதாவது மேட்சை ஆரம்பிச்சு வெக்கற பிட்சர்னா, அஞ்சாறு நாளுக்கு ஒரு தடவைதான் எறிவான், அந்த ஒரு நாள் சொதப்பினான்னா வாரம் பூரா மத்தவங்க சேத்து வெச்சதையும் சேத்து இழுத்துட்டுப் போயிடுவான். நான் ஆடறது ஆபீஸ் லீக், 12 டீம், வாரா வாரம் ஒருத்தர்கூட மோதற ஃபார்மட், பிட்சிங்ல வின் (டீம் ஜெயிச்சா ஒரு பிட்சர் பேர்ல எழுதறது), சேவ் (கடைசில வந்து முன்னிலையைக் காப்பாத்தறது), ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை அவுட் ஆக்கறது), ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுக்கற ஏர்ன்ட் ரன், அதாவது ஃபீல்டர் தப்பால வராத ரன்), விப் (ஒரு இன்னிங்ஸுக்கு சராசரியா குடுக்கற ஹிட்டும் வாக்கும்; வாக்னா நாலு தப்பான பந்து போட்டு சும்மா பேஸ் குடுக்கறது)னு அஞ்சு கேட்டகரி. ஈஆர்ஏ, விப் ரெண்டும் கம்மியா இருந்தாதான் நல்லது. பல சீசன் ஆடிப் பாத்ததுல எனக்குப் பட்டது, யாரை எறக்கறோம்ங்கறதைவிட யாரை பெஞ்ச்ல உக்கார வெக்கறோம்ங்கறதுலதான் பாதி வாரம் ஜெயிக்குது.

ஏன்னு கணக்கு போட்டே காட்டறேன். சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் நம்ம டீம் 45 இன்னிங்ஸ் போட்டு 16 ஏர்ன்ட் ரன் குடுத்திருக்குன்னு வெச்சுக்கோங்க, ஈஆர்ஏ 3.20. ஹிட்டும் வாக்கும் சேத்து 52, விப் 1.16. சூப்பரான வாரம். ஞாயித்துக்கிழமை இன்னும் நாலு ஸ்ட்ரைக்அவுட் கெடைக்குமேன்னு வேய்வர்ல, அதாவது யாரும் எடுக்காத ஆளுங்க லிஸ்ட்ல கெடந்த எவனையோ எடுத்துப் போடறோம், அவன் ரெண்டே இன்னிங்ஸ்ல 6 ரன் குடுத்து, ஹிட்டும் வாக்குமா 9 பேரை பேஸ்ல ஏத்திட்டு வெளிய வர்றான். ஈஆர்ஏ இப்போ 4.21, விப் 1.30. குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்னு சொல்வாங்கல்ல, அதேதான். அதனால ஞாயித்துக்கிழமை காலைல ஈஆர்ஏ, விப் ரெண்டுலயும் நான் முன்னாடி இருந்தா, ஸ்ட்ரைக்அவுட்ல எட்டவே முடியாத தூரத்துல பின்னாடி இருந்தா, மிச்சம் இருக்கற ஸ்டார்ட்டர் யாரா இருந்தாலும் பெஞ்ச்தான். ஆனா லீக்ல வாரத்துக்கு இத்தனை இன்னிங்ஸ் போட்டே ஆகணும்னு குறைஞ்சபட்சம் வெச்சிருப்பாங்க, அதை முடிச்சாச்சான்னு பாத்துட்டு உக்கார வைங்க, இல்லைன்னா அந்த ரெண்டு கேட்டகரியும் சும்மாவே போயிடும்.

ஸ்ட்ரீமிங் பண்ணவே கூடாதுன்னு சொல்ல வரல, நானும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு பேரை எடுத்துப் போட்டுட்டு அடுத்த நாளே கழட்டி விடறவன்தான். ஆனா பிட்சர் பேரைப் பாக்கறதுக்கு முன்னாடி எதிர் டீமையும் மைதானத்தையும் பாப்பேன். 2024ல சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 மேட்ச் தோத்தாங்களே, அந்த வருஷம் அவங்களுக்கு எதிரா எறியறவன் சுமாரான ஆளா இருந்தாலும் கண்ணை மூடிட்டு எடுக்கலாம். 2025ல 119 தோத்த கொலராடோ ராக்கீஸ் இன்னும் சுவாரஸ்யமான கேஸ். அவங்க வெளியூர் போனா ஸ்ட்ரீமருக்குக் கொண்டாட்டம், அதே டீமை டென்வர்ல போய் சந்திச்சா என் பக்கத்துல எவ்ளோ நல்ல பிட்சர் இருந்தாலும் யோசிப்பேன். அங்க இருக்கற அவங்க மைதானம் கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்துக்கு 5,200 அடி மேல இருக்கு, காத்து லேசு, அடிச்ச பந்து ரொம்ப தூரம் போகுது, கர்வ்பால் வழக்கமா திரும்பற அளவுக்குத் திரும்பாது, அவுட்ஃபீல்டும் பெருசு. அதுக்கு நேர் எதிர் சியாட்டில், அங்க ரன் வர்றதே கஷ்டம். அப்புறம் ஆளைப் பாக்கும்போது ஈஆர்ஏவை நம்பாதீங்க, ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்துல இருந்து வாக் சதவீதத்தைக் கழிச்சா வர்ற நம்பரைப் பாருங்க, நாலு மேட்ச் அதிர்ஷ்டத்துல ஓட்டினவன் யாருன்னு அதுல தெரிஞ்சிடும்.

ட்ராஃப்ட்ல, அதாவது சீசனுக்கு முன்னாடி முறை வெச்சு ஆள் பொறுக்கறப்போ, முதல் ரெண்டு ரவுண்டுல பிட்சர் எடுக்கறதில்லன்னு வெச்சிருக்கேன். காரணம் முழங்கை. 2023ல ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 20 வின், 281 ஸ்ட்ரைக்அவுட். அடுத்த வருஷம் ட்ராஃப்ட்ல முதல் ஆளா போன பிட்சர்கள்ல அவரும் ஒருத்தர், ரெண்டே மேட்ச், ஆபரேஷன், சீசன் ஓவர். 2023ல சை யங் (சிறந்த பிட்சருக்கான விருது) வாங்கின கெரிட் கோலுக்கு 2025 முழுக்க டாமி ஜான் சர்ஜரில (முழங்கை தசைநார் ஆபரேஷன்) போச்சு. சாண்டி அல்கான்டரா அதே சர்ஜரி முடிஞ்சு திரும்பி வந்த வருஷம் ஈஆர்ஏ 5.36, அதாவது கை சரியாகி வந்தாலும் பழைய ஆளே வருவான்னு கேரன்டி கெடையாது. என் கொள்கைக்கு ஆப்பு வெச்சது தாரிக் ஸ்கூபல்தான், 2024, 2025 ரெண்டு வருஷமும் சை யங். அவரை சீக்கிரமே தூக்கினவங்க இன்னிக்கும் என்னைக் கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும்.

க்ளோசருக்கு, அதாவது கடைசி இன்னிங்ஸ் எறிஞ்சு சேவ் வாங்கறவனுக்கு, நெறைய செலவு பண்ணாதீங்க. ஏப்ரல்ல ஒன்பதாவது இன்னிங்ஸ் எறியறவன் ஜூலைல எறிவான்னு சொல்லவே முடியாது, சீசன் நடுவுல புதுசா ஒருத்தன் கண்டிப்பா முளைப்பான், அப்போ பிடிச்சுக்கலாம்.

நாங்க ஆடற ஆப் பத்தியும் சொல்லணும். ஸ்கோர் அப்டேட் வேகம், மாக் ட்ராஃப்ட் (ஒத்திகை ட்ராஃப்ட்) நல்லா இருக்கு. ஆனா நாளைக்கு யார் எறியறாங்கன்னு காட்டற லிஸ்ட் சுத்த வேஸ்ட், டீம்காரங்க ஆளை மாத்தி ரொம்ப நேரம் கழிச்சுதான் இதுல மாறுது. வாரத்துல ரெண்டு மேட்ச் எறிவான்னு நம்பி எடுத்தவன் ஒண்ணோட நின்னுடுவான். ஆறு ஸ்டார்ட்டரை முறை வெச்சு மாத்தி மாத்தி ரோட்டேஷன் ஓட்டற டீம்னா கேக்கவே வேணாம், டாட்ஜர்ஸ் ஸ்டார்ட்டர்களை வெச்சிருக்கறவங்களுக்கு நல்லாத் தெரியும். நான் அந்தந்த டீம் பீட் ரிப்போர்ட்டர்கள் (அந்த டீமையே தொடர்ந்து கவனிக்கற நிருபர்கள்) போடற பதிவைத்தான் நம்பறேன்.

புதுசா லீக் ஆரம்பிக்கறவங்க தயவுசெஞ்சு வின்னைத் தூக்கிட்டு குவாலிட்டி ஸ்டார்ட் வைங்க, ஆறு இன்னிங்ஸ் போட்டு மூணு ஏர்ன்ட் ரன்னுக்குள்ள குடுத்தா ஒரு பாயின்ட், அவ்ளோதான். பால் ஸ்கீன்ஸ் 2025ல 1.97 ஈஆர்ஏ வெச்சுக்கிட்டு 10 வின் 10 தோல்வி, ஏன்னா அவரோட டீம் பிட்ஸ்பர்க் பேட்டர்கள் அடிக்கவே மாட்டாங்க. 2018ல நியூயார்க் மெட்ஸ் பிட்சர் ஜேக்கப் டிகிராம் 1.70 ஈஆர்ஏவுக்கு வெறும் 10 வின். பிட்சர் என்னதான் பண்ணுவான்? எங்க லீக்ல இதை வருஷா வருஷம் ஓட்டுக்கு விடறோம், வின்னே இருக்கட்டும்ங்கற கமிஷனர் (லீக்கை நடத்தறவர்) கட்சி ஒரு ஓட்டு ரெண்டு ஓட்டுல தப்பிச்சுக்குது.