குளம்பு சீவும்போது மிரளும் குட்டிக்குதிரை: உதட்டுக் கயிறா, மயக்க ஊசியா, பழக்கமா?

ஆபத்து என்றால் ஓடிப் பிழைப்பது குதிரையின் இயல்பு. காலைப் பிடித்துக்கொண்டால் அந்த வழி அடைபடுகிறது. ஒரு வயதுக் குட்டி உதறுவதைத் திமிர் என்று சொல்வது எனக்குக் கோபமூட்டுகிறது, அது பயம்.

மேலுதட்டைக் கயிற்றுச் சுருக்கில் முறுக்கிப் பிடிப்பது பழைய வழி. குதிரை உடனே அடங்கும். அப்போது உடலில் வலி தணிக்கும் எண்டார்பின் கூடுவதை 1984-லேயே ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 5 நிமிடங்கள் குறைந்திருந்த இதயத்துடிப்பு அதன்பின் ஏறியது. நான்கு குளம்புகளையும் சீவி அரம் போட அந்த நேரம் போதாது. காதை முறுக்குவதோ தொடக்கத்திலிருந்தே பதற்றம்தான். அதை யாரும் செய்யக் கூடாது.

டெட்டோமிடின், சைலசின் போன்ற மயக்க மருந்துகளைக் கால்நடை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். காயம்பட்ட குளம்பு, தள்ளிப்போட முடியாத வேலை என்றால் நான் தயங்காமல் இதையே கேட்பேன். இருந்தாலும் தலை தொங்கி நிற்கும் குதிரையும் திடீரென உதைக்கும். தள்ளாடி, குளம்பு சீவுபவர்மேல் சாயும். முழுதாகத் தெளியும்வரை தீவனம் வைத்தால் தொண்டையில் அடைக்கலாம். அடுத்த முறைக்கென்று குட்டி எதையும் கற்றிருக்காது.

அதனால் என் தேர்வு பழக்குவதுதான். நாள்தோறும் சில நிமிடங்கள், தோளிலிருந்து கணுக்கால்வரை தடவி, எடை மறுகாலுக்கு மாறியதும் காலைத் தூக்க வேண்டும். முதலில் இரண்டு நொடி போதும். குட்டி இழுப்பதற்கு முன்பே நாமாகவே கீழே வைக்க வேண்டும். இழுத்த பிறகு விட்டால், இழுத்தால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். தீனி கொடுத்துப் பழக்குபவர்கள் பலர் கால் தரைக்கு வந்த பிறகே கொடுக்கிறார்கள். ஆனால் கால் நம் கையில் அசையாமல் இருக்கும்போதே இன்னொருவர் வாளியை நீட்டுவது நல்லது. கையிலிருந்து கொடுத்தால் கடிக்கும் பழக்கம் வரலாம். பின்னங்காலை உயரத் தூக்கிப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். இடுப்பு வலித்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. அரத்தின் சத்தத்தையும் குளம்பில் தட்டுவதையும் முன்பே பழக்குங்கள். தாயோ துணைக்குதிரையோ கண்ணில் படும்படி நிற்கட்டும்.

இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆனால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் குளம்பு சீவப்படப்போகும் உயிர் அது.

நன்றாக நின்றுவந்த குட்டி ஒரு காலை மட்டும் தர மறுத்தால், பயிற்சியைக் கூட்டாதீர்கள். குளம்பின் அடியில் அழுகல் இருக்கிறதா, மூட்டு வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவரை அழையுங்கள்.