பாக் நீரிணையின் இரு கரைகள்: நிதி நிறுவனங்கள் எவ்வளவு ஆழம்?

இராமநாதபுரம் கடற்கரையில் கடன் என்றதும் வங்கியைவிட மீன் வியாபாரி தரும் முன்பணமும் அடகுக் கடையும்தான் முதலில் நினைவுக்கு வரும்; ஆகவே, இந்திய நிதித்துறையை அக்கரை இலங்கையோடு ஒப்பிடும்போது, பங்குச்சந்தையின் பருமனைவிட, நிறுவனங்கள் அடித்தட்டு வரை இறங்கியிருக்கின்றனவா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் இலங்கை நெடுங்காலம் முந்தியே நின்றது. உலக வங்கியின் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அங்கே வயது வந்தோரில் 69 விழுக்காட்டினர் கணக்கு வைத்திருந்தனர். இந்தியாவில் 35 விழுக்காட்டினரே. 1961இல் தொடங்கிய மக்கள் வங்கியும், ஊர்களில் வேரூன்றிய சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களும் இதற்கு முக்கியக் காரணங்கள். 1969இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கிய இந்தியாவோ, எல்லோருக்கும் வங்கிக் கணக்குத் தொடங்கும் 2014இன் ஜன் தன் திட்டத்துக்குப் பிறகே வேகமாக நெருங்கியது. 2021இல் இந்தியா 78, இலங்கை 89.

பெருந்தொகை திரட்டுவதில் நிலைமை நேர்மாறு. மும்பைப் பங்குச்சந்தைக்குக் கொழும்பு ஈடாகாது. மேலும், 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, அரசுக்குப் பெருமளவு கடன் கொடுத்திருந்த அதன் வங்கிகளும் நெருக்கடிக்கு உள்ளாயின.

ஆனால் கணக்கு இருப்பது வேறு, கடன் கிடைப்பது வேறு. விவசாயிகளுக்கு வங்கிக் கடன் தரும் கிசான் கடன் அட்டை மீனவர்களுக்கும் 2018-19இல் நீட்டிக்கப்பட்டது உண்மைதான். எனினும் படகைவிட நிலத்தையும் நகையையுமே பிணையாக நம்பும் வங்கி வழக்கம் நீடிக்கும்வரை, பிடித்த மீனைத் தனக்கே விற்க வேண்டும் என்ற கட்டோடு முன்பணம் தரும் வியாபாரிக்குப் போட்டி குறைவுதான்.