ஊருணிப் படிக்கு ஒரு கையெழுத்து

மூன்று வாரம் விடுப்புப் போட்டு நியூயார்க்கிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன், பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்க. ஒரு கேமரா, ஒரு முக்காலி, ஒலிப்பதிவுக்கு ஒரு நண்பன். நடிப்பவர்கள் ஊர்க்காரர்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது, மூன்று வேளையும் எங்கள் வீட்டில் சாப்பாடு. படம் எப்படி வந்திருக்கிறது என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஒரு கையெழுத்துக்காக நான்கு நாள் அலைந்தது இன்னும் ஆறவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடிப் பக்கம் ஷூட்டிங் யாருக்கும் புதிதில்லை. செட்டிநாட்டு வீட்டு வாசல்களில் கேரவனும் ஜெனரேட்டர் வண்டியும் நிற்பதைப் பார்த்தே வளர்ந்த ஊர். எங்களைப் பார்த்ததும் டீக்கடையில் கேட்டார்கள், "ஹீரோ யாரு?" யாருமில்லை என்றதும், "அப்ப சீரியலா?"

எனக்கு வேண்டியிருந்தது விடிகாலையில் ஊருணிப் படியில் ஒரு வயதான அம்மா பித்தளைக் குடத்தோடு உட்கார்ந்திருக்கும் காட்சி. இரண்டே நிமிடம். வழியை மறிக்க வேண்டாம், யாரையும் விலகச் சொல்ல வேண்டாம். ஆனால் படவிழாக்களும் ஓடிடிக்காரர்களும் பிற்பாடு இடத்துக்கான சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்கக்கூடும். அப்போது முழிக்க வேண்டாமே என்று முறைப்படி போனேன்.

கிராம நிர்வாக அலுவலர் சிரித்துக்கொண்டே சொன்னார், "தாராளமா எடுங்க தம்பி, யார் கேக்கப் போறா?" அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஊருணி பஞ்சாயத்துப் பராமரிப்பு, அங்கே கேளுங்கள் என்றார். ஊராட்சிச் செயலரும் நல்ல மனிதர். "தலைவர் இருந்திருந்தா இப்பவே போட்டுக் குடுத்திருப்பார்." எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருந்தது. தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஆகவே பஸ் பிடித்து யூனியன் ஆபீஸ்.

முதல் நாள் அவர் மீட்டிங்கில் இருந்தார். மறுநாள் கள ஆய்வுக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் இருந்தார், ஆனால் மனு மேசைக்குப் போகும் முன்பே எழுத்தருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது: படித்துறை ஊராட்சியுடையதா, கோயிலுடையதா? கோயில் அலுவலகத்தில் கேமரா என்ற சொல்லைக் கேட்டதுமே தலையாட்டி மறுத்தார்கள். கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதிலிருந்து அவர்களுக்கு அந்தப் பயம். ஊருணி கோயிலுக்கு வெளியே இருக்கிறதே என்றேன். "எதுக்கு தம்பி வம்பு" என்றார்கள். காவல் நிலையத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, தகவல் சொன்னதே போதும், கடிதமெல்லாம் நாங்கள் தருவதில்லை என்றார்கள். நான்காம் நாள் மாலை என் மனுவின் நகலில் 'பெறப்பட்டது' என்று ஒரு முத்திரை விழுந்தது. கிடைத்தது அவ்வளவுதான்.

யாரும் காசு கேட்கவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்ன சம்மதம் எல்லாம் மனதாரச் சொன்னதுதான். பேனாவை எடுக்கத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களுக்காவது விண்ணப்பம், கட்டணம் என்று எழுதிவைத்த விதி இருக்கிறது. ஊருணிப் படிக்கு யார் கையெழுத்திடுவது என்பது அன்று நான் போன எந்த அலுவலகத்துக்கும் தெரிந்திருக்கவில்லை.

நியூயார்க்கில் நடைபாதையை மறிக்காமல், இடத்தை எனக்கென்று ஒதுக்கிக் கேட்காமல், கையில் கேமராவோ முக்காலியோ வைத்துத் தெருவில் படமெடுத்தால் அனுமதியே தேவையில்லை. அந்த வசதி சும்மா வந்ததில்லை. 2005-இல் மன்ஹாட்டன் தெருவில் படமெடுத்துக்கொண்டிருந்த ராகேஷ் சர்மா என்ற இந்திய ஆவணப்பட இயக்குநரைப் போலீஸ் பிடித்துவைத்து விசாரித்தது. அவர் வழக்குப் போட்டார். அதன் பிறகு, 2008-இல்தான் இந்த விதி எழுத்தில் வந்தது. நம் நாட்டுக்காரர் ஒருவர் போராடி வாங்கித்தந்ததை அங்கே அனுபவிக்கிறேன். அதே கேமராவோடு நான் பிறந்த ஊரில் நான்கு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தொண்டை அடைத்தது.

காட்சியை எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றடிக்கு மாற்றினேன். பத்திரம் அப்பா பெயரில் இருப்பதால் அவருடைய கையெழுத்து சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்தது. (நடித்த ஆச்சியின் வீட்டு முகப்பில் எடுக்கத்தான் ஆசை. அதற்கு ஏழு பங்காளிகள், இரண்டு பேர் மலேசியாவில். கேட்கவே துணியவில்லை.)

ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. மூன்று நாள் விடியுமுன் குளித்துத் தயாராக வந்து, சொன்னதையெல்லாம் செய்தார். கடைசி நாள் சம்மதக் கடிதத்தை நீட்டினேன். ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கி வைத்திருந்தேன்: 'பிரபஞ்சம் முழுவதிலும், காலவரையறையின்றி, சகல உரிமைகளுடனும்.' வாசிக்க வாசிக்க ஆச்சி முகம் மாறிவிட்டது. "இது கிரயப் பத்திரமுல்ல" என்றார். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று ஒருவர் வாசிக்க, அடியில் அவருடைய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு ஒரு காணி கைமாறிய நாள் அவருக்கு மறக்கவில்லை. நானும் அதே தோரணையில் வாசித்திருக்கிறேன்.

அலுவலகங்களில் அவர்கள் பேனா எடுக்கத் தயங்கியதும் ஏறக்குறைய இதே பயத்தால்தானே என்று அப்போதுதான் தோன்றியது. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நம் தலையில்தான் விடியும்.

அன்று இரவு புதிதாக எழுதினேன், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில். 'இந்தப் படத்தில் என் முகமும் குரலும் வரலாம். எந்த ஊரில் வேண்டுமானாலும் காட்டலாம். என் வீட்டுக்கும் நிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.' காலையில் கேமராவை ஓடவிட்டு, ஆச்சியின் பேத்தியை வாசிக்கச் சொன்னேன். கடைசி வரியை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். சரி என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினார். ஊரில் படமெடுக்கப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள், நான் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டது தப்பு.

காகிதத்தை வாங்கி மடிக்கப் போனேன். ஆச்சி விடவில்லை.

"எனக்கு ஒண்ணு? அதுல நீ போடு கையெழுத்து."

இன்னொரு பிரதி எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். உள்ளே கொண்டுபோய், வீட்டுப் பத்திரம் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.