மஞ்சக்குப்பம் இயற்கை அங்காடி: அரிசிக்கு நம்பிப் போகலாம், காய்கறிக்கு விடிந்ததும் போக வேண்டும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறு விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்தும் இயற்கை அங்காடியில், சில மாதங்களாக எங்கள் வீட்டுக்கு அரிசியும் காய்கறியும் வாங்கி வருகிறேன். ஒரே அறை கொண்ட சிறிய கடைதான். ஆனால் ஒவ்வொரு அரிசி மூட்டையின் வாயிலும் நெல்லின் பெயர், விளைந்த ஊர், அறுவடை செய்த மாதம், அரைத்த தேதி ஆகியவற்றைக் கையால் எழுதிய அட்டை ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. வேறெங்கும் நான் காணாத இந்த அட்டைக்காகவே அங்கு தொடர்ந்து போகிறேன்.

முதலில் வாங்க வேண்டியது மாப்பிள்ளைச் சம்பா. சேத்தியாத்தோப்புப் பக்கம் விளைந்தது. ஏறத்தாழ 160 நாள் பயிர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீராணம் ஏரிப் பாசன வயல்களில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும்போது, குட்டை ரகங்கள் மூழ்கி அழுகிவிட, நெடிதுயர்ந்து வளரும் இந்த நெல் பெரும்பாலும் தாக்குப்பிடித்து நிற்கும். உயரமான பயிர் என்பதால் யூரியாவை அள்ளிப் போட்டால் சாய்ந்துவிடும். எனவே 200 லிட்டர் தண்ணீரில் நாட்டு மாட்டுச் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி வயல் மண் கலந்து செய்யும் ஜீவாமிர்தம் என்ற கரைசலே உரமாகப் போதும், இந்த அளவு ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை பாய்ச்சுவதற்கு ஆகும் என்கிறார்கள். உரக்கடையில் கடன் வைக்காமல் பயிர் செய்ய முடிவது சிறு விவசாயிக்கு எவ்வளவு பெரிய விடுதலை! 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டு, 2018-இல் மறைந்த நெல் ஜெயராமனின் உழைப்பு இப்படித்தான் நம் சமையலறை வரை வந்து சேர்கிறது.

இந்த அரிசியை முந்தைய இரவே ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்குக்குக் குறையாமல் தண்ணீர் வைக்க வேண்டும்; அவசரச் சமையலுக்கு ஒத்துவராது. வடித்த சோற்றில் மிஞ்சியதைத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயத்துடன் சாப்பிட்டால் மதியம் வரை பசிப்பதில்லை.

விலை, வெளிக்கடைப் பொன்னியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. விளைச்சல் குறைவு, களையைக் கையால் எடுக்க ஆள்கூலி அதிகம் என்பதால் இது நியாயமான விலை என்றே கருதுகிறேன். ஆயினும் எல்லாக் குடும்பங்களாலும் இதைக் கொடுக்க இயலாது. அவர்கள் நொய்யைக் கேட்டு வாங்கலாம். விலை வெகுவாகக் குறைவு, கஞ்சிக்கு அதுவே சிறந்தது.

காய்கறியில்தான் குறை. புதன், சனி ஆகிய இரு நாள்களில் மட்டுமே வரும் காய், பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. கத்தரிக்காயில் ஓரிரண்டு சொத்தை இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாடிய கீரையை மறுநாளும் அதே விலைக்கு விற்பதை ஏற்க முடியாது. அரிசியில் ஒருமுறை வண்டு இருந்தது. கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். மருந்தடிக்காத அரிசி என்பதால் ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கிச் சேர்க்காமல், வசம்புத் துண்டு போட்டு வைப்பது நல்லது.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த அட்டையில் விவசாயிக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.