ராக்பெல்லர் மரமா, டிரபால்கர் மரமா?

ஒரு நகரத்தின் கிறிஸ்துமஸ் மரத்தைத்தான் பார்க்கலாம் என்றால், நான் லண்டனுக்கே போவேன். நியூயார்க்கின் ராக்பெல்லர் சென்டர் கட்டட வளாகத்து மரம் பிரமிக்க வைப்பதுதான்: 50,000 விளக்குகளுக்கு மேல், உச்சியில் படிக நட்சத்திரம். 1931-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, கட்டடத் தொழிலாளர்கள் காசு சேர்த்து முதல் மரத்தை நிறுத்தினார்கள் என்பது நெகிழ வைக்கிறது. ஆனால் மாலையில் நெரிசல் கடுமை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதிகாலையே நல்லது.

லண்டனின் டிரபால்கர் சதுக்கத்து மரத்தில் செங்குத்தாக இறங்கும் விளக்குச் சரங்கள் மட்டுமே, நார்வே பாணியில். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தந்த ஆதரவுக்கு நன்றியாக 1947 முதல் ஆண்டுதோறும் நார்வேயின் தலைநகரான ஆஸ்லோ அனுப்பும் பரிசு அது. நாஜிகள் நார்வேயைப் பிடித்தபோது மன்னர் ஏழாம் ஹாக்கான் தஞ்சம் புகுந்தது லண்டனில்தான். கிளைகள் மெலிந்திருப்பதாகச் சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது குறையே இல்லை. மரத்தடியில் பாடகர் குழுக்கள் கீதம் பாடும் மாலையாகப் பார்த்துப் போங்கள்.