ஒரே லொறித் தகரம், இரண்டு கூரைகள்: 12 வருட அனுபவம்

2012 இல் மீள்குடியேறி வீடு கட்டியபோது நானும் அக்காவும் ஒரே லொறியில் கூரைத் தகரம் இறக்கினோம். துத்தநாகமும் அலுமினியமும் கலந்து பூசிய நீலத் தகரம். அக்கா இருப்பது கடலிலிருந்து உள்ளே தள்ளிய ஒட்டுசுட்டானில். நான் முல்லைத்தீவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். அவருடைய கூரை நிறம் வெளிறியதோடு சரி. என் வீட்டிலோ போன மாரியில் வாளி வைக்க வேண்டியதாயிற்று.

ஒழுகியது தகரத்தின் நடுவில் அல்ல, ஸ்க்ரூத் தலைகளில். வெயிலில் றப்பர் வளையம் வெடித்து, வாடைக்காற்று கொண்டுவந்த உப்பு ஈரம் அடியில் தங்கிவிட்டது. ஸ்க்ரூ கழற்றும் சாவியைப் போட்டுத் திருப்பினேன். தலை பனங்கட்டிபோல் உதிர்ந்து கையில் வந்தது.

அதைவிட வியப்பு தாழ்வாரத்தின் அடிப்பக்கம். மழை படும் மேற்பக்கம் நன்றாக இருக்க, மழையே படாத அந்த இடம்தான் கறளேறிப் பொத்தலாகியிருந்தது. மேலே படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. கீழே படிந்தது அங்கேயே கிடந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. மாரியில் உப்புச் சிரட்டை கசிவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தகரம் துடைத்த கையை நக்கிப் பார்த்தால் கரிக்கிறது.

கழுவலாமென்றால் எங்கள் கிணறும் உவர். இப்போது கூரை மழைநீரைத் தாங்கியில் பிடித்து, மாதம் ஒருமுறை தாழ்வாரத்துக்கு அடிக்கிறேன்.

மாற்று ஸ்க்ரூவுக்குக் கடைக்காரர் துருவேறா உருக்கை நீட்டினார். வேண்டாமென்றேன். உப்பு ஈரத்தில் இரு உலோகம் ஒட்டியிருந்தால் இரண்டில் எளிதில் அரிபடக்கூடியதுதான் முதலில் போகும்; இங்கே அது தகரம். உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஸ்க்ரூவாகத் தேடி வாங்கினேன். விலை கூடத்தான்.

இரும்புக் கேற் போனது என் பிழை. கறளைச் சுரண்டாமல் மூன்று தடவை பெயின்ற் பூசினேன். குழாய் உள்ளிருந்தே உளுத்துவிட்டது. 2006 டிசம்பரில் இங்கே கரைதட்டிய ஜோர்தான் சரக்குக் கப்பலையே உப்புக்காற்று விட்டுவைக்கவில்லை, என் கேற் எம்மாத்திரம்? அந்த இடத்தில் இப்போது பனைமட்டைப் படலை. அக்கா வரும்போதெல்லாம் அதைத் தள்ளிப் பார்த்துச் சிரிக்கிறார்.